பசியில்லா ஊராட்சி

கலெக்டர் கயிற்றை இழுத்தார், மஞ்சள் திரை விலகியது, கறுப்புச் சலவைக்கல்லில் பொன்னெழுத்தில் ‘பசியில்லா ஊராட்சி – நொச்சிமேடு’ என்று தெரிந்தது, சனம் கை தட்டியது, தட்டி ஓய்ந்தபோது ஊரில் பசி இல்லை. பந்தலுக்குப் பின்னால் தம் போட்டிருந்த பிரியாணி அண்டா அதுவரைக்கும் கூட்டத்தின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு எப்போது முடியும், பொட்டலம் எப்போது வரும் என்று காலை மாற்றி மாற்றி நின்ற சனம், திரை விலகிய பிறகு அந்த வாசத்தை நனைந்த சுவரின் வாசத்தைப் போல மோந்துவிட்டுச் சும்மா நின்றது. கொடுத்த பொட்டலத்தை மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தரும் பிரிக்கவில்லை. ஜீப் டிரைவர் ஒரு கவளத்தை உருட்டி வாய்வரை கொண்டுபோனவர், எதற்காகக் கொண்டுபோனோம் என்று விளங்காதவர் போல அதைப் பார்த்தார், கீழே வைத்தார், கை கழுவினார். கலெக்டருக்கென்று தனியாக வந்த எவர்சில்வர் அடுக்கு திறக்காமலே காரில் ஏறியது. அறிவிப்பு மனுஷருக்கு மட்டும் என்பதால் நாய்களுக்குப் பசி இருந்தது. பொட்டலங்கள் எல்லாம் நாய்களுக்குப் போயின.

இந்தப் பட்டத்தை நாங்கள் சும்மா வாங்கிவிடவில்லை. கணக்கெடுக்கக் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பெண்கள் வந்து, “நேத்து ராத்திரி இந்த வீட்ல யாராவது சாப்பிடாம படுத்தீங்களா?” என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரிடம் பசிக்கிறது என்று சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். முதல் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் திவ்யமா சாப்டோம், நீங்க வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க” என்று இலை போட்டுச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் ஊற்றினாள். அவர்கள் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் குழம்புச் சட்டி பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு, இப்படி வேலிகளின் இடுக்கிலேயே ஓடி, தெருக்கோடி வரைக்கும் அந்தப் பெண்களுக்கு ஒரு வீடு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் தெரு முழுக்க ஒரே குழம்பைத் தின்றுவிட்டு, நொச்சிமேட்டில் கத்திரிக்காய் விளைச்சல் நல்ல விளைச்சல் போல என்று பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஊர் மானம் தப்பித்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். அன்று ராத்திரி பாதித் தெரு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தது.

ஆகவே பசி போனபோது நாங்கள் ஆச்சரியப்படவில்லை. விட்டது சனியன் என்றுதான் இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து வயிற்றுக்குள் உட்கார்ந்து எங்களை விரட்டி வேலை வாங்கிய ஒரு மேஸ்திரி திடீரென்று எழுந்து போய்விட்டான், இனி எவன் முன்னாலும் கை நீட்ட வேண்டியதில்லை, உலையில் போட ஒன்றுமில்லாத நாளில் குழந்தைகள் முகத்தைப் பார்க்காமல் படுக்க வேண்டியதில்லை என்று, நாற்பது வருஷம் களையெடுத்த கிழவிகள் கல்வெட்டுக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் “இன்னாம்மா, சாப்டியா?” என்று கேட்பது மட்டும் வாய்ப்பழக்கத்தில் நின்றது. “அதான் கல்லு வெச்சாச்சே” என்று பதில் சொல்லிச் சிரித்தோம்.

முதலில் கத்தியவர் பெரிய நிலக்காரர். வயிறு காயாதவனை நாற்றங்காலில் இறக்க முடியுமா. “பசி இல்லன்னா எவன்டா வேலைக்கு வருவான், கவுருமெண்டு இன்னா வேலை பண்ணி வெச்சிருக்குது பாரு” என்று தாலுக்கா ஆபீஸ்வரை மனு அனுப்பினார். பிறகு யோசித்துப் பார்த்துக் கூலியைப் பாதியாக்கினார். துணிக்கும் சோப்புக்கும் எப்படியும் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தார்கள். “இன்னும் ஏன் கூட்டிக் கேக்கறீங்க, சோத்துக்கா கேக்கறீங்க?” என்று அவர் கேட்டால், கொடுத்ததை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். கல்யாணங்களில் பந்தி போட்டோம், போடாமல் இருக்க முடியுமா, சம்பந்தி என்ன நினைப்பார்கள். இலை நிறையப் பரிமாறினோம், எல்லாரும் இலை முன்னால் அடக்கமாக உட்கார்ந்து கல்யாணப் பேச்சுப் பேசிவிட்டு, இலையை நிறைசோறோடு எங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தோம். எச்சில்படாத எச்சிலிலை குப்பைமேட்டில் மலைபோலக் குவிந்து, புளித்து, நுரைத்து, தெருவையே நாறடித்தது. நாய்கள் தின்று தின்று நகர முடியாமல் கல்வெட்டின் நிழலில் படுத்துக் கிடந்தன.

கொஞ்ச நாள் நேரம் பார்த்துச் சாப்பிட்டோம். ஊராட்சி ஆபீஸில் மூன்று வேளையும் சங்கு ஊதச் சொன்னார் தலைவர் வேதகிரி. ஆனால் பசியில்லாத வாயில் சோறு என்பது மண். மென்றால் மென்றுகொண்டே இருக்கலாம், தொண்டை வாங்காது. சங்கு ஊதுகிறவன் ஒருநாள் மறந்தான், மறுநாளும் மறந்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். பசியில்லாத ஊருக்கு அரிசி எதற்கு என்று ரேஷன் கடையை மூடினார்கள். சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடித்து, விருது வாங்கிய போட்டோக்களை மாட்டிக் கண்காட்சி ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துக் கிடந்தார்கள், கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. வகுப்பில் ஒழுக்கம் கூடியிருக்கிறது என்று தலைமையாசிரியருக்குப் பாராட்டு வந்தது. எங்கள் சட்டைகள் எங்கள்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கின. வலி இல்லை, ஏக்கம் இல்லை. உடம்பு ஈரச்சோப்புப் போலக் கரைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பெருமை மட்டும் குறையவில்லை.

அஞ்சலாட்சிக்கு அப்போது கைக்குழந்தை. புருஷன் கேரளாவுக்குச் சுவர் பூசப் போனவன், போனவன்தான். கல் வைத்த அன்றைக்குக் கூட்டத்தில் நின்று பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைத்தட்டலில் குழந்தையின் வாய் தானாக விலகியது, அதற்குப் பிறகு அது காம்பைத் தேடவில்லை. அழவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அழாத பிள்ளையை என்ன செய்வது என்று எந்த வாயும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பாலாடையில் ஊற்றிப் பார்த்தாள், கடைவாயில் வழிந்து காதுக்குப் போயிற்று. மூக்கைப் பிடித்து ஊற்றிப் பார்த்தாள், துப்பிற்று. குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இளைத்தது.

அவள் அங்கன்வாடிக்குப் போனாள். பூங்காவனம் டீச்சர் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து தன் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பாப்பாவ ஒரு எடை போட்டுப் பாருக்கா.”

“எதுல போடறது? தராச எடுத்துக்கினு போய்ட்டாங்கடி.”

“ஏன்?”

“எல்லாப் புள்ளயும் எடை எறங்குதுன்னு மேல சொன்னேன். பசியில்லாத ஊர்ல எடை எறங்க வழியே இல்ல, உன் தராசுதான் ரிப்பேருன்னாங்க. சரி பண்ணித் தரோம்னு தூக்கினு போனாங்க.” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கையில குடு.” குழந்தையை வாங்கி உள்ளங்கையில் ஏந்தி ஆட்டிப் பார்த்தாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். “வேற எங்கனா தூக்கினு போய்டு” என்றாள்.

தலைவர் வேதகிரி அஞ்சலாட்சிக்கு மாமா முறை. அவரிடம் போனாள். விருதுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்ய வந்த ஆசாரியிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாமா, புள்ள அழ மாட்டேங்குது.”

“ஊர்ல அவனவன் புள்ள அழுவுதுன்னு வருவான். நீ இன்னாம்மா, அழலன்னு வர்றே?”

“செத்துடும் மாமா.”

“பசிக்குதுன்னு சொல்லுச்சா?”

“அது கைப்புள்ள.”

“உனக்குப் பசிக்குதா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரிந்தவள்தான், குழம்புச் சட்டியை வேலியில் வாங்கி வேலியில் கொடுத்தவள்தான். ஆனால் வயிற்றுக்குள் எவ்வளவு தேடினாலும் அந்த வார்த்தைக்கான இடமே காணவில்லை. “இல்ல” என்றாள்.

“அப்பறம் இன்னா” என்று வேதகிரி ஆசாரியிடம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் மாட்டுத் தரகர் கோதண்டம் செத்தார். கல் வைத்த பிறகு ஊரைவிட்டு வெளியே போகாதவர் சந்தைக்குக் கிளம்பி, ஊர் எல்லையில் ஓடைமேல் இருக்கும் சிறுபாலத்தைத் தாண்டினார். தாண்டியதும் இத்தனை நாள் பசியும் சேர்ந்து அவர்மேல் விழுந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சரசுவின் டீக்கடை; தட்டிலிருந்த போண்டாவை, தொங்கிய வாழைத்தாரைத் தோலோடு, வாளியிலிருந்த பச்சை மாவைக் கையால் வழித்து வழித்து, சரசு விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்வரைக்கும் தின்று, அங்கேயே விழுந்தார். வயிறு நிறைந்து இறந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நொச்சிமேட்டுக்காரர் ஒருவர் அதிகமாகச் சாப்பிட்டு மரணம் என்று பேப்பரில் வந்தது. திட்டத்தின் வெற்றிக்கு வேறு சாட்சி வேண்டுமா என்று ஒரு பெரியவர் டி.வி.யில் கேட்டார். எங்களுக்கோ அது வெளியூர்ப் பசி அடித்த சாவு. பேய் அடிப்பது, காற்று அடிப்பது போல இதையும் சேர்த்துக்கொண்டோம். பாலத்தில் மூங்கில் தடுப்புப் போட்டு வேப்பிலை கட்டினோம். யாரும் தாண்டக்கூடாது என்று தமுக்கடித்தார்கள்.

அஞ்சலாட்சிக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. அப்படியானால் பசி செத்துப்போகவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. விடிந்ததும் குழந்தையை முந்தானையில் கட்டிக்கொண்டு, பாலத்தின் அடியில், ஓடை மணலில் இறங்கி நடந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டியதும் அவளைக் கீழே தள்ளுகிற மாதிரிப் பசி வந்தது. ஆனால் அதற்குமுன் குழந்தை வீரிட்டது. அந்தச் சத்தத்தில் அவள் தன் பசியை மறந்துபோனாள். உட்கார்ந்த இடத்திலேயே மாரைத் திறந்தாள். கொஞ்சம்தான் இருந்தது. குழந்தை அந்தக் கொஞ்சத்துக்கு அவளைக் கடித்து ரத்தம் பார்த்தது.

கோதண்டத்துக்கு நடந்ததைப் பார்த்தவள் சரசு. அஞ்சலாட்சி தவழ்ந்து கடைக்கு வந்தபோது போண்டாத் தட்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, நீராகாரத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, “மொல்ல. ஒரு முழுங்கு. அப்பறம் நிறுத்து. நான் சொன்னாத்தான் அடுத்தது” என்று பக்கத்தில் விறகுக்கட்டையோடு உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி குடித்தாள், நிறுத்தினாள், குடித்தாள். “இதுக்கு நான் இன்னாக்கா செய்யணும்?” என்று கேட்டதற்கு, “பாத்திரம் கழுவு” என்றாள் சரசு.

அதிலிருந்து தினமும் காலையும் சாயங்காலமும் ஓடை வழியாகப் போனாள். தினம் போனால் அன்றன்றைப் பசிதான் வரும், தாங்கலாம் என்று அவளுக்குப் பிடிபட்டது. பாத்திரம் கழுவினாள், சாப்பிட்டாள், பால் ஊறிற்று, குழந்தை அந்தப் பக்கம் அழுது குடித்துவிட்டு இந்தப் பக்கம் மரப்பாச்சி போலக் கிடந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது. ஊரில் சதை வைத்த ஒரே குழந்தை.

எங்களுக்கு ஆத்திரம் வந்தது. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, நொச்சிமேட்டுப் பெண் எச்சில் டம்ளர் கழுவி வாங்கித் தின்கிறாள். “ஊர் மானத்தக் கொண்டுபோய் டீக்கடையில வெச்சித் துன்றியே, நல்லா இருப்பியா?” என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். கேட்டவளின் இடுப்பிலும் ஒரு குழந்தை இருந்தது, தலை தொங்கிக்கொண்டு. அஞ்சலாட்சி அந்தக் குழந்தையைப் பார்த்து, “இதையும் குடு, தூக்கினு போறேன்” என்றாள். அவள் கொடுக்கவில்லை. குழந்தையை இழுத்து மறைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் குழந்தை ஐப்பசியில் போய்விட்டது. அதற்குமுன் இரண்டு போயிருந்தன, அதற்குப் பிறகும் போயின. எதுவும் அழாமல் போனதால் எழவு வீடுகளில் கூட ஒரு அமைதி இருந்தது.

டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. பனியன் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளை தேவைப்படாத தொழிலாளர்கள் உலகத்திலேயே இங்குதான் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, வேதகிரி புரிந்தவர் போலத் தலையாட்டினார். கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்காமல் தெருத்தெருவாகப் பார்த்து வியந்தார்கள். அஞ்சலாட்சி குழந்தையோடு அவர்கள் வழியில் போய் நின்றாள்.

“சார், ஊர்ல புள்ளைங்க செத்துப்போவுது.”

குழுவில் தமிழ் தெரிந்த அதிகாரி நின்றார். நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

“பசியாலயாம்மா?”

“பசி எடுக்கலைங்க சார். அதனாலதான் சாவுது.”

“அப்ப பசியால இல்ல.”

“சோறில்லாம சாவுது சார்.”

“புரியுதும்மா. ஆனா பசியால இல்லையே?” என்று அவர் இன்னொரு முறை, பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பது போலக் கேட்டார். பிறகு அவரே நிம்மதியாகி, “அதுக்கு வேற டிபார்ட்மென்ட்” என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்கள் அவர் பின்னாலேயே நடந்தோம். அவருக்கு மாலை போட வேண்டியிருந்தது.

மாலைக்குப் பலன் கிடைத்தது. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் எங்களுக்கும் கல் வேண்டும் என்று சாலை மறியல் செய்தன. ஒவ்வொரு ஊராக எப்போது முடிப்பது, நாடு வேகமாக முன்னேற வேண்டாமா என்று, ஒரே கல்லில் மாவட்டம் முழுவதையும் பசியில்லா மாவட்டமாக்குவது என்று முடிவாயிற்று. விழா அன்றைக்கு லாரி லாரியாக சனத்தை ஏற்றிப் போனார்கள். நிற்கத் தெம்பில்லாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மேடைக்கு எதிரே முதல் வரிசை கொடுத்தார்கள், எங்கள் ஊருக்குத்தான் அந்த மரியாதை.

அஞ்சலாட்சி வரவில்லை. அவள் சரசுவின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடை டி.வி.யில் விழா ஓடிற்று. திரை விலகியது, கைத்தட்டல் கேட்டது. குழந்தையின் வாய் காம்பிலிருந்து மெதுவாகக் கழன்றது. ஓரத்தில் ஒரு துளி பால் நின்றது, அதை அது விழுங்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் பாதி போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். சரசு கையில் ஜல்லிக்கரண்டியோடு, எண்ணெய்ச் சட்டியில் கருகுவதைப் பார்த்துக்கொண்டு, எடுக்கத் தோன்றாமல் நின்றாள். பிறகு அவளாகவே, வேறு யாருக்கோ சொல்வது போல, “மலைக்கு அந்தாண்ட போற பஸ்ஸு இப்ப வரும்” என்றாள். கல்லாவிலிருந்து கையில் வந்ததை அள்ளி அஞ்சலாட்சியின் முந்தானையில் போட்டாள்.

“நீயும் வாக்கா.”

“கடைய யாரு பாக்கறது” என்றாள் சரசு. பாலத்து மூங்கில் தடுப்பை எடுத்துக்கொண்டுபோய் மாவட்ட எல்லையில் போட ஆட்கள் அப்போதே வந்துவிட்டிருந்தார்கள்.

மலைப்பாதையில் நடந்ததை அந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்களுக்குச் சொன்னார். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி முடித்து, மாவட்ட எல்லையில் ‘நன்றி மீண்டும் வருக’ என்று எழுதிய அலங்கார வளைவைத் தாண்டிச் சக்கரம் அந்தப் பக்க மண்ணில் பட்டதும் பஸ் முழுக்கப் பசி வந்ததாம். அவனவன் மடியை அவிழ்த்து, பையைத் திறந்து, முறுக்கோ பன்னோ இருந்ததைத் தின்ன ஆரம்பித்தார்கள். குழந்தை அழுத அழுகை இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டதாம். முன் சீட்டில் வாய் நிறைய வைத்திருந்த ஒருவர் திரும்பி, “யம்மா, அந்தப் புள்ள வாய மூடும்மா, மனுஷன் நிம்மதியா சாப்ட வேணாமா” என்றார். இன்னொருவர், “எந்த ஊருப் புள்ள இது, பாலுக்கு இப்பிடிப் பறக்குது” என்றார்.

“அழட்டும்ணே” என்றாளாம் அஞ்சலாட்சி. அழும் வாயில் மாரை வைத்தாள்.

கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை. “எங்க எறங்கப் போறேம்மா? இந்த மாவட்டத்துக்கும் தை பொறந்தா கல்லு வெக்கறாங்களாம்.”

“அதுக்கு அப்பறம் இன்னா ஊருண்ணே?”

“அதுக்கு அப்பறம் வேற ஸ்டேட்டு.”

அவள் குழந்தையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அது மாற்றுகிற அந்தச் சின்ன இடைவெளியைக்கூடப் பொறுக்காமல் மறுபடி கத்தியது. பஸ்ஸில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள்.

“அங்க போற பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?” என்று கேட்டாளாம்.